குறுவட்டச் சராசரியில் காணாமல் போகும் வாழை

கோடை மழையோடு வரும் சூறைக்காற்றுக்குக் கணக்கு வழக்கு கிடையாது. மோகனூர், பரமத்திவேலூர் காவிரிக்கரையில் ஓர் ஊரின் தோப்புகளைச் சாய்த்துவிட்டு அடுத்த ஊரைத் தொடாமலே போய்விடும். வெட்டுக்கு ஒரு மாதமே இருக்கும் பூவனும் கற்பூரவல்லியும் முட்டுக் கொடுத்த கம்போடு சேர்ந்து தரையில் கிடக்கும். பிஞ்சுத் தாரை எந்த ஏலத்திலும் எடுக்க மாட்டார்கள்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் நடப்பில் இருக்கிறது. நெல்லுக்கு வருவாய்க் கிராமம் காப்பீட்டு அலகு; தோட்டக்கலைப் பயிருக்குப் பல கிராமங்கள் சேர்ந்த குறுவட்டம். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, வெள்ளம் தேங்குதல், மின்னலால் பற்றும் தீ ஆகியவற்றுக்குத் தனி வயலைப் பார்த்து இழப்பு மதிப்பிட விதி உண்டு. விவசாயி 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். அந்தப் பட்டியலில் காற்று இல்லை. புயலும் சூறாவளியும் விளைச்சல் இழப்புக் காப்பீட்டில் வருகின்றன என்பது உண்மைதான். ஆனால் அங்கே அளக்கப்படுவது குறுவட்டத்தின் சராசரி மகசூல். நான்கைந்து ஊர்த் தோப்புகள் தப்பித்தால் விழுந்த தோப்பு அந்தச் சராசரியில் கரைந்துபோகிறது. காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை பிரீமியம் கட்டியவருக்கு இது அநியாயம்.

இழப்பீட்டை விரைந்து தருவதில் கரீபியன் தீவுகள் நமக்கு முன்னே போய்விட்டன. 2004இல் ஐவன் புயல் கிரெனடாவின் ஆண்டு வருமானத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கை அழித்தது. அதன்பின் 2007இல் அந்நாடுகள் கூடிப் பொது இடர் நிதியம் ஒன்றை அமைத்தன. அங்கே வீடுவீடாகச் சேதம் எண்ணுவதில்லை. காற்றின் வேகத்தையும் மழையளவையும் வைத்து இழப்பைக் கணித்து 14 நாட்களில் பணம் தருகிறார்கள். 2024 ஜூலையில் பெரில் புயலுக்குப் பின் கிரெனடாவுக்குச் சுமார் 4.4 கோடி டாலர் கிடைத்தது. அதே புயல் ஜமைக்காவையும் அடித்தது. ஆனால் அந்நாடு வைத்திருந்த 15 கோடி டாலர் பேரிடர்ப் பத்திரம் பணம் தரவில்லை. புயல் மையத்தின் காற்றழுத்தம் ஒப்பந்தத்தில் குறித்த அளவுக்கு இறங்கவில்லை என்பதே காரணம். 2025 அக்டோபரில் மெலிசா புயல் வந்தபோது அதே பத்திரம் முழுத் தொகையையும் தந்தது.

ஆகவே வானிலைக் கருவியை மட்டும் நம்பினால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓரிடத்தில் நிற்கும் காற்றுமானிக்குப் பக்கத்து ஊரில் அடித்த காற்று தெரியாது. ஆனால் விழுந்த வாழையை எண்ணிவிடலாம். தனி வயல் மதிப்பீட்டுப் பட்டியலில் வாழைக்குக் காற்றையும் சேர்ப்பதே நேரான வழி.

மரவள்ளியில் சிக்கல் வேறு. ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் சேகோ ஆலைகள் கிழங்குக்கு மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை போடுகின்றன. காப்பீட்டுக்காக மகசூலை அளக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையிலோ எடை மட்டும்தான். பறிக்கும் நேரத்தில் தொடர் மழை பெய்தால் எடை குறையாமலே பாயிண்ட் இறங்கும். தாளில் முழு மகசூல் இருக்கும், கையில் பாதிப் பணம்தான் வரும். பரிசோதனைத் திடலின் கிழங்குக்குப் பாயிண்ட்டையும் பதிவு செய்வது பெரிய செலவில்லை.

காற்றிழப்புக்குப் பிரீமியம் கணக்கிடத் தரவு இல்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் சொல்லக்கூடும். ஆனால் நிவாரணத்துக்காக வருவாய்த் துறையும் தோட்டக்கலைத் துறையும் எடுக்கும் மரக்கணக்குகள் அலுவலகக் கோப்புகளில் இருக்கின்றன. இழப்பு மதிப்பீட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இழப்பீடு கிடைக்காத தோப்பானாலும் சர்வே எண், ரகம், பயிரின் வயது, சாய்ந்த மரங்கள், காற்றடித்த தேதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அடுத்த பயிர்க் காப்பீட்டு அறிவிக்கைக்கு முன் அந்தக் குறிப்புகளை மாநிலத் தொழில்நுட்பக் குழுவின் முன் வைப்போம்.