ஆறு அங்குல ஓட்டை

சினிமாவில் வில்லன் ரிவால்வரின் மூக்கில் ஒரு சைலன்சரைத் திருகி, 'டுப்' என்று தலையணையைத் தட்டுகிற மாதிரி சுடுகிறானே, நிஜத்திலும் அப்படித்தானா என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 'நான் பாங்க் கிளார்க். வேறு உத்தேசம் கிடையாது' என்று கீழே ஒரு பின்குறிப்பு. நம்புகிறேன்.

இல்லை சார். தெருவே எழுந்து உட்காரும்.

ரிவால்வரில் தோட்டாக்கள் இருப்பது சுழலும் சிலிண்டரில். குண்டு வெளியே போகிற குழல், ஃபிரேமில் மரை போட்டுத் திருகிய தனி உறுப்பு. ஒன்று சுற்ற வேண்டும், மற்றது அசையாமல் நிற்க வேண்டும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தே தீரும். சுட்டவுடன் அந்த இடைவெளி வழியாக நெருப்பும் புகையும் சத்தமும் பக்கவாட்டில் பீறிடும். முன்னால் சைலன்சர் மாட்டுவது, வாசல் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவியுடன் சண்டை போடுவது மாதிரி. விலக்கு ஒன்று உண்டு. ரஷ்யாவின் 1895 மாடல் நகான் ரிவால்வரில், விசையை அழுத்தும்போது சிலிண்டரே முன்னால் நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். நம் ஸ்டண்ட் மாஸ்டர்கள் கையில் இருப்பது நகான் இல்லை.

அந்த இடைவெளி எவ்வளவு தெரியுமா? நல்ல ரிவால்வரில் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் நாலிலிருந்து எட்டு பங்கு. லேத் பட்டறையில் 'நாலு தவ்' என்பார்கள். உங்கள் தலைமுடி ஒன்று சுமாராக மூணு தவ். (முடி இல்லாதவர்கள் பக்கத்து சீட்டைப் பார்க்கவும்.) இடைவெளி குறைந்தால் கரி படிந்து சிலிண்டர் சிக்கிக்கொள்ளும். கூடினால் வேகம் போய்விடும்.

இந்த நாலு தவ்வுக்காக வாழ்க்கையை அர்ப்பணித்த ஒரு பெரியவரை அமெரிக்காவில் சந்தித்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒஹையோவில் நண்பன் வீட்டில் தங்கியிருந்தபோது, "வாடா, பக்கத்து வீட்டில் ஒரு வினோதமான மனுஷர் இருக்கார், காட்டறேன்" என்று அழைத்துப் போனான். ரிடையர்டு மெஷினிஸ்ட். கார் வெளியே பனியில் நின்றது. கராஜுக்குள் ஹீட்டர் போட்டு லேத் சுகமாக இருந்தது. மனைவியை அறிமுகப்படுத்துவதற்கு முன்னால் லேத்தை அறிமுகப்படுத்தினார்.

அவர் பொழுதுபோக்கு ரிவால்வருக்குக் குழல் மாற்றுவது. அங்கே இது சகஜம். அமெரிக்க மத்திய சட்டத்தில் நம்பர் பொறித்த ஃபிரேம்தான் 'துப்பாக்கி'. குழல் வெறும் ஸ்பேர் பார்ட். (மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதிகள் உண்டு.) நம்மூர்ப் பையன்கள் பைக்குக்கு வேறு வண்டியின் சைலன்சரை மாட்டிக்கொண்டு அலைகிற அதே வியாதி என்று நினைத்தேன். இது அதைவிட முற்றியது.

"துப்பாக்கி என்பது ஓர் ஓட்டை. மற்றதெல்லாம் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொள்வதற்கு" என்றார்.

பிறகு ஒரு மணி நேரம் ஓட்டையைப் பற்றிப் பேசினார். அதன் உள்ளே சுருள் சுருளாக வரிப் பள்ளங்கள் இருக்கின்றன. ரைஃப்ளிங். பம்பரம் சுற்றும்வரை நிமிர்ந்து நிற்கிறதல்லவா, அதே தத்துவம்: குண்டைச் சுழல வைத்தால் தலைகீழாகப் புரளாமல் நேராகப் போகும். கோல்ட் கம்பெனியின் பைத்தான் ரிவால்வரில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழலோ ஆறு அங்குலம். ஆக குண்டு குழலுக்குள் அரைச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை. அதற்குள் வாங்கிக்கொண்ட சுழற்சி போதும். வினாடிக்கு 700 அடி வேகத்தில் போகிற குண்டு, கணக்குப் போட்டுப் பாருங்கள், நிமிஷத்துக்கு 36,000 முறை சுற்றுகிறது. உங்கள் ஆபீஸ் சீலிங் ஃபேன், ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும், 400-ஐத் தாண்டினால் ஆச்சரியம்.

கோல்ட் குழலில் ஆறு பள்ளம், இடது பக்கச் சுழல். போட்டிக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ஐந்து பள்ளம், வலது பக்கச் சுழல். அமெரிக்காவிலும் இடதுசாரி, வலதுசாரி இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

இந்த இரண்டு பரம்பரைப் பகையாளிகளுக்கும் கல்யாணம் செய்து வைத்தவர்கள் 1970-களின் போட்டி சுடுநர்கள். போலீஸ்காரர்களுக்கென்று பி.பி.சி. என்று ஒரு போட்டி உண்டு. 50 கஜ தூரம்வரை காகித மனிதனைச் சுட வேண்டும். 1955-ல் வந்த பைத்தானின் குழல் கனமானது, உள்ளே கொஞ்சம் இறுக்கமானது, காகிதத்தில் ஓட்டைகள் நெருக்கமாக விழும். ஆனால் விசை, கடைசிக் கட்டத்தில் அழுத்த அழுத்தக் கனக்கும். ஸ்மித்தின் விசை வெண்ணெய். எனவே ஸ்மித் உடம்பில் பைத்தான் மூக்கை ஒட்டவைத்தார்கள். பிள்ளைக்குப் பெயர் 'ஸ்மோல்ட்'. சிலர் 'ஸ்மைத்தான்' என்றும் கூப்பிட்டார்கள். ரூகர் உடம்பில் மாட்டினால் 'கூகர்'.

பெரியவரிடம் ஒரு ஸ்மோல்ட் இருந்தது. இரண்டு கம்பெனியின் மரையும் ஒன்றல்ல, சேர்க்கவேண்டும். முழுக்க இறுகும்போது முனையில் இருக்கிற குறிமுள் கடிகாரத்தில் 12 மணி மாதிரி உச்சியில் வந்து நிற்கவேண்டும். பதினொன்றரையில் நின்றால் பக்கத்து ஆளின் காகிதத்துக்கு மார்க் விழும். குழலின் வாய் விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கவேண்டும், குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது. ஒரு பக்கம் மூக்கு உடைந்த நிப்பில் கையெழுத்து எப்படி வரும், அப்படி. "எத்தனை நாளாச்சு இதற்கு?" என்று கேட்டேன். "ஒரு குளிர்காலம்" என்றார், ஒரு பையனைப் பி.ஈ. படிக்கவைத்த அப்பா மாதிரி.

துப்பறியும் கதைப் பிரியர்கள் இங்கே நிமிர்ந்து உட்காரலாம். குழலின் வரிகள் குண்டின் மேல் ரேகையாகப் பதியும். 1925-ல் கால்வின் காடார்ட் என்பவரும் அவர் சகாக்களும் நியூயார்க்கில் இரண்டு குண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒப்பீட்டு மைக்ராஸ்கோப்பை இந்த வேலைக்குக் கொண்டுவந்தார்கள். காடார்ட் படிப்பால் டாக்டர். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்களே, அந்தக் குண்டுகளை அந்த வருஷக் கடைசியில் ஒரு ரௌடியின் வீட்டில் கிடைத்த துப்பாக்கிகளோடு பொருத்திக் காட்டியவர் இவர்தான். இப்போது ஸ்மோல்ட்டை யோசியுங்கள். குண்டு 'நான் கோல்ட்' என்று சாட்சி சொல்கிறது. கையில் கிடைத்த துப்பாக்கியில் ஸ்மித் என்று எழுதியிருக்கிறது. ஒரு தொடர்கதைக்கு ஆகும். எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

கராஜில் பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தபோது நண்பன் ஒரு கேள்வி கேட்டான். "குழலைக் குட்டையாக்கித் தருவீங்களா?"

பெரியவர் முகம் மாறிவிட்டது. எவனோ ஒரு பையன் ஆறு அங்குலத்தை இரண்டு அங்குலமாக வெட்டித் தரச்சொல்லி வந்தானாம். முடியாது என்று அனுப்பிவிட்டாராம். "அவ்வளவு கிட்டத்தில் இருக்கிற ஆளிடம் வாயால் பேசிவிடலாமே" என்றார்.

குழலை வெட்டும் யோசனைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. கோல்ட் கம்பெனியிலேயே ஜே.ஹென்றி ஃபிட்ஜெரால்ட் என்று ஒருவர் இருந்தார். பெரிய ரிவால்வரை எடுத்துக் குழலை இரண்டு அங்குலமாக வெட்டுவார். விரலுக்குச் சுலபமாக, விசையைச் சுற்றியிருக்கிற வளையத்தின் முன்பக்கத்தையும் வெட்டிவிடுவார். பான்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். 'ஃபிட்ஸ் ஸ்பெஷல்' என்று பெயர். 1927-ல் கம்பெனியே இரண்டு அங்குலக் குழலோடு 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' போட்டது. குட்டைக் குழலில் வேகம் குறையும், வெடிமருந்து முழுக்க எரியாமல் வெளியே வந்து கண்ணைக் கூசவைக்கும், குறி தப்பும். எல்லாம் நஷ்டம். லாபம் ஒன்றே ஒன்று: சட்டைக்குள் மறையும்.

எல்லா தேசத்துச் சட்டங்களும் கையில் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வருவது இதனால்தான். கனடாவில் 105 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான குழல் உள்ள கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட ஜாதி. அமெரிக்காவில் 1934-ல் ஒரு சட்டம் போட்டார்கள். முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. அப்படியானால் ரைஃபிளை வெட்டி அந்த இடத்தை நிரப்பிவிடுவார்களே என்று ரைஃபிள் நீளத்துக்கும் வரம்பு வைத்தார்கள். பிறகு கைத்துப்பாக்கியை மட்டும் லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். வரம்பு தங்கிவிட்டது. விளைவு: 15 அங்குல ரைஃபிளைப் பதிவு செய்யாமல் வைத்திருந்தால் ஜெயில், இரண்டு அங்குல ரிவால்வர் என்றால் குட்மார்னிங்.

பிரிட்டன் கதை வேறு. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தில் டன்ப்ளேன் என்ற ஊரில், ஒருவன் ஆரம்பப் பள்ளியின் ஜிம்முக்குள் நுழைந்து 16 குழந்தைகளையும் அவர்கள் டீச்சரையும் சுட்டுக்கொன்றான். அவனிடம் இருந்தவை நாலு கைத்துப்பாக்கிகள், அதில் இரண்டு ரிவால்வர். எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் இருந்தது. மறு வருஷமே சட்டம் வந்தது. குழல் 30 சென்டிமீட்டருக்கோ மொத்த நீளம் 60 சென்டிமீட்டருக்கோ குறைந்தால் கூடாது. கைத்துப்பாக்கிச் சுடுதலையே ஏறக்குறைய மூடிவிட்ட சட்டம்.

அதற்கப்புறமும் ரிவால்வர் பிரியர்கள் விடவில்லை. 12 அங்குலக் குழல் போட்டு, நீளம் பத்தாததால் கைப்பிடியிலிருந்து பின்னால் ஒரு கம்பியை நீட்டி 60 சென்டிமீட்டர் கணக்குக் காட்டினார்கள். வாலுள்ள ரிவால்வர்! பார்த்தால் சிரிப்பு வரும். சட்டம் அதை அனுமதிக்கிறது, ஏனென்றால் சட்டத்துக்கு வேண்டியது அதுதான். அந்த வாலோடு காகிதத்தைச் சுடலாம். கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போக முடியாது.

ஒஹையோ பெரியவர் இந்தச் சட்டங்களையெல்லாம் திட்டுகிற ரகம். இருந்தாலும் அந்தப் பையனைத் திருப்பி அனுப்பியபோது, அவர் மனதுக்குள்ளும் ஒரு ஸ்கேல் இருந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு மாமா வீட்டு லேத்தில் எதையாவது முயற்சி செய்து பார்க்கலாமா என்று யாருக்காவது கை அரித்தால், ஒரு நிமிஷம். நம் 1959 ஆயுதச் சட்டத்தில் 5-வது பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைச் செய்வதை மட்டுமல்ல, ரிப்பேர் பார்ப்பதையும் தடுக்கிறது. 6-வது பிரிவு குழலைக் குட்டையாக்குவதற்கென்றே தனியாக எழுதப்பட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். பாங்க்கில் இவ்வளவு நாள் லீவ் தரமாட்டார்கள்.

குழல் கடைந்தே தீருவேன் என்பவர்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. வீட்டுப் பட்டறையில் ஆச்சா மரத்தைக் கடைந்து ஓட்டை போட்டு நாகஸ்வரம் செய்கிறார்கள். 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அங்கேயும் நீளம்தான் எல்லாம்: குட்டையான திமிரி உச்சத்தில் வீறிடும், நீளமான பாரி இறங்கி வந்து கொஞ்சும். ஒரு நூல் பிசகினாலும் சுருதி போய்விடும். சைலன்சர் மட்டும் இதற்கும் கிடையாது. முகூர்த்தத்தன்று பக்கத்து வீட்டில் குடியிருந்தால் தெரியும்.