800 டிகிரி சூட்டில் ஹைட்ரஜன்... கலன் எத்தனை வருஷம் தாங்கும்?

சிவகாசி, சாத்தூர் பக்கம் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ தெரியாதவர் இருக்க முடியாது. அங்கே குச்சி முனையில் வைக்கும் மருந்தின் முக்கியச் சரக்கு, பொட்டாசியம் குளோரேட். இது பூமியில் வெட்டி எடுக்கும் பொருள் அல்ல. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித்தான் தயாரிக்கிறார்கள். அப்போது எதிர்முனையில் குமிழ் குமிழாக ஒரு வாயு கிளம்பும். அதுதான் ஹைட்ரஜன்!

‘நாளைய எரிபொருள்’ என்று உலகமே பேசும் ஹைட்ரஜன், தீப்பெட்டித் தொழிலுக்குப் பழைய சொந்தம்.

பழைய தலைவலி

குளோரேட் கலன்களில் அந்தக் காலத்துப் பெரிய தொல்லை, தேய்மானம். கிராஃபைட்டால் செய்த நேர்முனைகள் ஓட ஓட அரிந்துபோகும். அடிக்கடி மாற்ற வேண்டும்; செலவு ஏறும். 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (சிக்ரி) இதற்கு வழி தேடியது. கிராஃபைட் மேல் ஈய டை ஆக்சைடு பூசிய முனைகளையும், எளிதில் கரையாத டைட்டானியம் முனைகளையும் உருவாக்கியது.

இன்று அதே தேய்மானப் பிரச்னை, 700 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓடும் புதுவகைக் கலன்களில் வந்து நிற்கிறது.

ஏன் இத்தனை சூடு?

இந்தக் கலனுக்குள் போவது தண்ணீர் அல்ல, நீராவி. பிரிக்கும் வேலையில் ஒரு பகுதியை வெப்பமே செய்துவிடுவதால் மின்சாரம் மிச்சம். சாதாரண மின்னாற்பகுப்பில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 50 முதல் 55 யூனிட் ஆகும். இதில் 40 யூனிட்டுக்குள் முடிக்கலாம்.

இத்துறையில் ஒரு திருச்சி தொடர்பும் உண்டு. திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் (இன்றைய என்.ஐ.டி) படித்த கே.ஆர்.ஸ்ரீதர், செவ்வாய்க் கிரகத்தின் கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் கருவியை நாசாவுக்காக வடிவமைத்தவர். பிறகு 2001-ல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் ‘புளூம் எனர்ஜி’. 2023-ல் கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், நாளுக்கு 2.4 டன் ஹைட்ரஜன் தரக்கூடிய 4 மெகாவாட் கருவியை அது இயக்கிக் காட்டியது.

எங்கே அடிவாங்குகிறது?

கலனின் நடுவில் இருப்பது மெல்லிய செராமிக் தகடு. ஒரு பக்கம் நிக்கல் கலந்த முனை. நாளடைவில் அந்த நிக்கல் துகள்கள் திரண்டு, இடம் நகர்ந்துவிடும். மறுபக்கம் ஆக்சிஜன் அழுத்தத்தில் முனை தகட்டைவிட்டு உரிந்துவரும். கலன்களை இணைக்கும் எஃகிலிருந்து குரோமியம் ஆவியாகி முனையில் படிந்து கெடுக்கும்.

1,000 மணி நேரத்துக்கு 1 சதவீதம் திறன் குறைவதாக வைத்துக்கொள்வோம். கேட்க அற்பம்தான். ஆனால் வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஐந்தே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மின்சாரத்தில் மிச்சம் பிடித்த பணம், கலன் மாற்றும் செலவில் கரையும்.

எஃகுக்கு மாங்கனீசு - கோபால்ட் பூச்சு, முனைக்கும் தகட்டுக்கும் நடுவே சீரியம் ஆக்சைடு தடுப்பு, சூட்டைக் கொஞ்சம் குறைப்பது... இப்படிப் பல வைத்தியங்கள் நடக்கின்றன.

ஓய்வே மருந்து

2015-ல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொன்றைச் செய்தார்கள். கலனைக் கொஞ்ச நேரம் ஹைட்ரஜன் தயாரிக்கவிட்டு, பிறகு திருப்பிப்போட்டு அதே ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கவைத்தார்கள். இப்படி மாறி மாறி 4,000 மணி நேரம் ஓட்டியும், ஒரே திசையில் ஓட்டும்போது வரும் பலத்த சேதம் கிட்டத்தட்ட காணாமல்போனது.

இது நம் பக்கத்துக்கு ஏன் முக்கியம்? அருப்புக்கோட்டையைத் தாண்டினால் கமுதி. 2016 முதல் அங்கே 648 மெகாவாட் சூரியமின் நிலையம் இயங்குகிறது. வெயில் பகலில் மட்டும்தான். இரவில் கலனை அணைத்துக் காலையில் மறுபடி சூடேற்றினால், சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றிய கதைதான். செராமிக் விரிசல் விடும். அணைக்காமல், பகலில் ஹைட்ரஜன், இரவில் மின்சாரம் என்று திருப்பிப்போட்டு ஓட்ட முடிந்தால், கலனும் பிழைக்கும், ஊருக்கு ராத்திரி வெளிச்சமும் கிடைக்கும்.

அது ஆய்வகத்தின் ஒற்றைக் கலனில் நடந்தால் போதாது. நூற்றுக்கணக்கான கலன்களை அடுக்கி, வருஷக்கணக்கில் ஓட்டிக் காட்ட வேண்டும். கந்தக பூமியின் வெயில் காசாகுமா என்பது அதில்தான் தெரியும்.