வரைபடம் போட்ட வேலி

இலண்டன் மாநகருக்குத் தெற்கே, ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்குள், சர்ரே குன்றுகள் எனப்படும் குன்றுத்தொடர் கிடக்கிறது. அதன் உயர்ந்த முடியாகிய லீத் குன்றும் 294 மீட்டரே. கேமரன் மலையைக் கண்ட நம்மவர் அதனை மலையென ஒப்பவும் தயங்குவர். ஆயினும், 1765இல் ரிச்சர்ட் ஹல் என்பார் அதன் உச்சியில் எழுப்பிய கோபுரத்தருகே நின்று நோக்கினால், குறிஞ்சியும் முல்லையும் கைகோத்தாற்போல மேடும் பள்ளமும், கானகமும் புல்வெளியும் மாறிமாறித் தெற்கு நோக்கி விரியும் காட்சி நெஞ்சை அள்ளும். அந்த மணற்பாங்கான சரிவுகளில், பைன் மரங்களின் வேர்களுக்கிடையே, தடித்த டயர் பூட்டிய மலை மிதிவண்டிகள் விடுமுறை நாள்தோறும் ஏறியும் இறங்கியும் செல்கின்றன.

அச்சரிவுகளுள் ஒன்றில் ஒரு நாள் யான் நடந்து சென்றேன். எனக்கு மிதிவண்டியில் மலையேறும் வயதும் இல்லை, வலுவும் இல்லை. ஆகவே இது தன்னலத்தால் எழுந்த வாதம் அன்று. பின்னால் மணியோசை கேட்டது. இளைஞர் இருவர் வேகம் குறைத்து, காலை வணக்கம் கூறி, ஓரமாக ஒதுங்கிக் கடந்து சென்றனர். சிறிது தொலைவில் எதிர்ப்பட்ட முதியவர் ஒருவர் அவர்களைத் தடுத்து நிறுத்தி, அங்கிருந்த வழிகாட்டிக் கம்பத்தைச் சுட்டிக் கடிந்துகொண்டார். அதுவரை அவர்கள் வந்தது குதிரைப்பாதை. கம்பத்துக்கு அப்பால் அதே பாதை நடப்போர்க்கு மட்டுமே உரிய நடைபாதை. இளைஞர்கள் மறுமொழி கூறாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு சென்றனர். (தள்ளிச் செல்வதாவது சட்டப்படி சரியா என்பதிலும் வழக்கறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லையாம்!)

யான் அக்கம்பத்தின் இருபுறமும் நின்று பார்த்தேன். அதே அகலம், அதே மணல், அதே மரநிழல். மண்ணிலே மாறுதல் ஒன்றும் இல்லை. பின் எங்கே மாறுதல்? வரைபடத்தில்! அவ்விடத்தில் பாரிஷ் எனப்படும் ஊர்வட்டம் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது.

இதன் வரலாற்றைச் சற்றே விரித்துரைத்தல் வேண்டும். 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள், நாட்டுப்புற நுழைவுச் சட்டம், பொதுமக்களின் வழியுரிமைகளை எல்லாம் வரைபடத்தில் பதிவு செய்யுமாறு மாவட்ட மன்றங்களைப் பணித்தது. பதிவுக்கான செய்திகளைத் திரட்டித் தந்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்வட்டத்தார். ஓர் ஊரார் தம் பாதையில் முன்பு குதிரை சென்றதை நினைவுகூர்ந்தனர். அது குதிரைப்பாதை ஆயிற்று. அடுத்த ஊரார் அதனைக் குறிக்கவில்லை. அதே வழி நடைபாதை ஆயிற்று. குதிரைப்பாதையொன்று ஊர்வட்ட எல்லையில் திடீரென நடைபாதையாகும் விந்தை இங்கிலாந்தில் ஓரிடத்தில் மட்டும் காண்பதன்று. ஒரு தலைமுறைக்கு முன் யாரோ எழுதியதும் எழுத மறந்ததும் இன்று சட்டமாக நிற்கின்றன. பாதை எத்தனை அகலம், மண் எத்தகையது, எத்தனை பேர் நடக்கின்றனர் என்னும் வினாக்களுள் ஒன்றையேனும் அவ்வரைபடம் கேட்டதில்லை.

விளைவு யாது? இங்கிலாந்தில் பதிவான வழியுரிமைப் பாதைகள் ஏறத்தாழ 190,000 கிலோமீட்டர். அவற்றுள் 146,000 கிலோமீட்டர் அளவு நடைபாதைகளே. மிதிவண்டிக்கு உரிமையுள்ளவை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். அந்தச் சிறு பங்கும் தொன்றுதொட்டு வந்ததன்று. 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் தன் 30ஆம் பிரிவில், நடப்போர்க்கும் குதிரையில் செல்வோர்க்கும் வழிவிட வேண்டும் என்னும் கடமையோடு, குதிரைப்பாதைகளில் மிதிவண்டி செல்ல உரிமை தந்தது. அதனால் வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் செல்லும் தென் டவுன்ஸ் வழி, கடற்கரையையொட்டி நடப்போர்க்கெனத் தனிக் கிளை ஒன்று இருப்பினும், ஏறத்தாழ முழுவதும் குதிரைக்கும் மிதிவண்டிக்கும் திறந்ததே. அச்சுண்ணாம்புக் குன்றுகளில் 1972 முதல் மூவகையினரும் ஒரே வழியில் சென்று வருகின்றனர்.

“மலை மிதிவண்டி நேற்று அமெரிக்காவிலிருந்து வந்த விளையாட்டுப் பொருள், நடப்பவர் உரிமையோ போராடிப் பெற்றது” என்பர் சிலர். கலிபோர்னியாவில் 1970களில் அவ்வண்டி உருப்பெற்றது உண்மையே. ஆனால் வண்டியை மலைமேல் ஏற்றிய ஆங்கிலேயர் அதற்கு முன்னரே இருந்தனர். கரடுமுரடான வழிகளில் செல்வதற்கென்றே ‘ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்’ என்னும் கழகம் 1955இல் லெம்ஸ்டரில் தோன்றிவிட்டது. போராட்டத்தைப் பற்றியோ ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1932 ஏப்ரல் 24ஆம் நாள், டார்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில், நிலவுடைமையாளர்களின் தடையை மீறி நூற்றுக்கணக்கான உழைப்பாளர்கள் ஏறினர். ஐவர் சிறை சென்றனர். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு அப்போது வயது இருபதே. மான்செஸ்டர் இரயில் நிலையத்தில் காவலர் காத்திருக்கக்கூடும் என்று அஞ்சிய அவர் அன்று எவ்வாறு மலையடிவாரம் சேர்ந்தார் தெரியுமா? மிதிவண்டியில்! நடப்போரின் உரிமைப் போருக்குத் தலைவனைச் சுமந்து சென்ற வண்டிக்கு, அப்போரின் பயனாய்ப் பூத்த 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. திறந்தவெளிகளில் சுற்றித் திரியும் உரிமையை அச்சட்டம் கால்நடையாகச் செல்வோர்க்கே வழங்கிற்று.

மண்ணரிப்பைக் காட்டி மறுப்பவர் கூற்றில் உண்மை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. மாரிக்காலத்தில் களிமண் பாதையில் சக்கரம் உருண்டால் சேறு பிளந்து வாய்க்கால் ஆகும். இசைவின்றிக் காட்டுக்குள் மேடுகள் வெட்டித் தாண்டி விளையாடுவோர் புளூபெல் மலர்த்தரையைச் சிதைக்கின்றனர். புதர்வெளிகளில் தரையிலே முட்டையிடும் பக்கிப் பறவையைக் கலைக்கின்றனர். இவர்களுக்காக யான் வாதாட வரவில்லை. ஆனால் அரை டன் எடையுள்ள குதிரையின் இலாடக் குளம்பு சேற்றைக் குழப்பவில்லையா? ஆயிரம் நடையர் காலணி மலைச்சரிவைத் தேய்க்கவில்லையா? கேடு மண்ணின் இயல்பையும் பருவத்தையும் மக்கள் தொகையையும் பொறுத்தது. வரைபடத்தின் நிறத்தைப் பொறுத்ததன்று. ஈரக் களிமண்ணில் செல்லும் குதிரைப்பாதை சக்கரத்துக்குத் திறந்திருக்க, உறுதியான மணற்பாதை அதே சக்கரத்துக்கு மூடியிருக்கும் இன்றைய முறை எந்த மண்ணைக் காக்கிறது?

வேகத்தைக் குறித்த அச்சமும் இயல்பே. முதியோரும் குழந்தைகளும் நடக்கும் குறுகிய வழியில் பாய்ந்து வருபவன் கண்டிக்கத்தக்கவன். கண்டிக்க வேண்டியது அவன் நடத்தையை. ஊர்தி ஒட்டுபவருள் ஒருவர் தறிகெட்டு ஓடினார் என்பதற்காக நாட்டின் சாலைகளில் ஐந்தில் நான்கை எவரும் மூடுவதில்லை.

“கானக் சேஸ், கிரைஸ்டேல் போன்ற அரசுக் காடுகளில் மிதிவண்டிக்கென்றே தடங்கள் அமைத்துத் தந்துள்ளோமே, அங்கே போகட்டும்” என்போரும் உளர். அவை நல்ல தடங்கள்தாம். ஆனால் புறப்பட்ட ஊர்தி நிறுத்துமிடத்துக்கே வட்டமிட்டுத் திரும்பும் தடம் அது. ஊரிலிருந்து ஊருக்கு, வயல் கடந்து, காடு கடந்து செல்லும் வழிக்கு அது ஈடாகுமோ? அங்கே செல்லவும் பலருக்குக் காரில் வண்டியை ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கிறது.

மலேசியத் தமிழனுக்கு இவ்வழக்கில் என்ன வேலை என்று கேட்பார்க்கும் ஒரு சொல். 1888இல் டன்லப் மிதிவண்டிக்குக் காற்றடைத்த டயர் கண்டார். முதலில் மிதிவண்டியும் பின்னர் மோட்டார் வண்டியும் கேட்ட ரப்பர்தான் நம் முன்னோரைப் பால்மரக் காட்டுக்குள் கொண்டு சேர்த்தது. அச்சக்கரம் எங்கே தடுக்கப்படுகிறது என்று பார்க்கும் உரிமை நமக்கும் சிறிது உண்டு.

இனி, செவியட் குன்றுகளைக் காண்போம். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையாக அம்முகட்டில் ஒரு வேலி நெடுந்தொலைவு ஓடுகிறது. வடபுறத்தில், 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பிறர்க்கு ஊறு செய்யாமல் பொறுப்போடு செல்லும் எவரும் நடந்தோ, குதிரையிலோ, மிதிவண்டியிலோ செல்லலாம். வீட்டு முற்றமும் விளையும் பயிரும் போன்றவை மட்டுமே விலக்கு. தென்புறத்தில், குதிரைப்பாதை அல்லாத இடத்தில், உடைமையாளரின் இசைவின்றிச் சக்கரம் உருண்டால் அத்துமீறல். வேலியின் இருபுறமும் அதே கரிமண், அதே மழை, மேய்வதும் அதே ஆடுகள். இரண்டு பதின்ம ஆண்டுகளுக்கு மேலாக வடபுறத்தார் செய்துவருவதைத் தென்புறத்தார் செய்ய இயலாது என்பதற்கு யாரும் இதுவரை தக்க காரணம் கூறவில்லை.

ஸ்காட்லாந்துச் சட்டம் முழுவதையும் ஏற்க மனமில்லையெனில், இங்கிலாந்து நாடாளுமன்றம் சிறியதொரு திருத்தத்தோடு தொடங்கலாம். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் குதிரைப்பாதை என்னும் சொல்லோடு நடைபாதை என்பதையும் சேர்க்கட்டும். குறுகியவை, ஈரமானவை, நெரிசல் மிக்கவை, பறவை கூடுகட்டும் பருவத்தில் காக்க வேண்டியவை எவையென்று அந்தந்த மன்றம் இடம் பார்த்து, காரணம் எழுதி மூடட்டும். நடப்பவர்க்கு வழிவிடும் கடமை அப்பிரிவில் முன்னமே எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.