குரல் நீங்கிய பாட்டு

பாட்டிலிருந்து பாடகன் குரலை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் பக்கவாத்தியமே என்று நம்மவர் எளிதாகச் சொல்லிவிடுவர். யமேக்காத் தீவினர் அவ்வாறு கருதினாரல்லர். எஞ்சியதையும் ஓர் ஆக்கமாக மதித்துத் தனி இசைத்தட்டாகவே வெளியிட்டனர். கோவலன் கூத்தைத் தன் உடைமையாகக் கொண்ட முள்ளியவளையார்க்கு அச்செய்தி பயன்படுமாதலின் இங்கே எழுதுகின்றோம்.

1975 ஆம் ஆண்டில், 'பேர்ணிங் ஸ்பியர்' என்ற பெயரோடு வின்ஸ்ரன் றொட்னியும் துணைவர் இருவரும் பாடிய 'மார்க்கஸ் கார்வி' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. றெகே எனப்படும் அந்நாட்டு இசையின் தலைசிறந்த ஆக்கங்களுள் அஃது ஒன்று. கார்வி என்பார் 1887 இல் சென் ஆன் பகுதியிற் பிறந்து, ஆபிரிக்க வழிவந்தோர்க்குத் தன்மானம் ஊட்டி, 1940 இல் இலண்டனில் மறைந்தவர். றொட்னியும் அப்பகுதியாரே. தம் மண்ணின் பெரியாரை மறக்கலாகாதென்று அவர் பாட்டால் வற்புறுத்தினார்.

அடுத்த ஆண்டே அதற்கு இணைத்தட்டு ஒன்று வந்தது. பெயர், 'கார்வியின் ஆவி'. முன்னதிற் பத்துப் பாட்டு. இதிலும் அதே பத்து. குரல் மட்டும் பெரும்பாலும் இல்லை. முழவும் அடித்தந்தியும் முன்னே வர, எங்கிருந்தோ ஒரு சொல் எழுந்து, எதிரொலித்து, தேய்ந்து மறைகின்றது. பாட்டை முன்னரே கேட்டிருப்பவன் நெஞ்சில் விடுபட்ட சொற்கள் தாமாகவே ஒலிக்கும். கேளாதவனுக்கு அது தாளம் மாத்திரமே. அடிமைக் காலத்தை நினைவுறுத்தும் பாட்டின் சொல்லற்ற வடிவுக்கு, 'நாம் பிழைத்திருக்கின்றோம்' என்னும் பொருள்படப் பெயரிட்டிருக்கின்றனர்! குரல் ஓய்ந்த இடத்தில் அப்பெயர் ஒன்றே போதுமாயிருக்கின்றது.

'டப்' எனப்படும் இம்முறை தற்செயலாகத் தோன்றியதென்பர். 1960களின் பிற்பகுதியில், கிங்ஸ்ரனில் ஒரு தட்டிற் குரல் பதியாமல் விடுபட்டுப்போக, ஆடரங்கில் அதைக் கேட்டோர் தாமே பாடத் தொடங்கினராம். மின்கருவி திருத்துவதில் வல்லவரான கிங் டபி பின்னர் இதனைக் கலையாக்கினார். ஒலிக்கலவைப் பலகையே அவருக்கு வாத்தியம். ('கார்வியின் ஆவி' அவர் கைவேலையன்று, அவர் தொட்டிருப்பின் இன்னும் துணிவாக அமைந்திருக்கும் என்பது எமது எண்ணம்.) 1970 இல் யூ-றோய் என்பார் பழைய பாட்டுகளின் குரலற்ற வடிவின்மேல் தம் சொற்களை ஏற்றிப் புகழ்பெற்றார். ஆக, குரல் நீங்கியது வெறுமையாகக் கிடக்கவில்லை. அடுத்த தலைமுறைக்கு இடம் விட்டது.

நமக்கு இது முற்றிலும் புதிதன்று. நாதசுரத்திற் கீர்த்தனை எழும்போது சாகித்தியம் கேட்போர் நெஞ்சில் அன்றோ இருக்கின்றது? தட்சிணாமூர்த்தியின் (1933–1975) தவிலுக்கு, பாட்டே இல்லாத பொழுதிலும் யாழ்ப்பாணத்து அவைகள் செவிசாய்த்தன.

கூத்தென்று வந்தவுடன் இத்தெளிவு நம்மை விட்டு அகன்றுவிடுகின்றது. பாடல்களை அச்சிட்டுவிட்டாற் கூத்தைப் பேணியதாக எண்ணுகின்றோம். அச்சில் ஏறுவது சொல் மாத்திரமே. அரசன் வரவுக்கு ஒன்றும் கண்ணகியின் சினத்துக்கு ஒன்றுமாக மத்தளம் மாறுவதையும், பாட்டு ஓய்ந்தபின் ஆடுவோன் காலைத் தாங்கி நிற்கும் அடியையும் எந்தப் புத்தகத்திற் காண்பது? அவை அண்ணாவியாரின் கையில் உள்ளன. 2009 இல் ஊரே பெயர்ந்தபோது வீடுகளிலிருந்த ஏடுகளுக்கும் ஒலிநாடாக்களுக்கும் நேர்ந்ததை இவ்வூரார்க்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இன்று கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவியாக விளங்குகின்றது. வித்தியானந்தக் கல்லூரி மாணவரும் ஆசிரியரும் மூத்த அண்ணாவிமாரை அணுகி, கோவலன் கூத்தை ஒருமுறை முழுமையாகவும், மறுமுறை மத்தளமும் தாளமும் மட்டுமாகவும் பதிவுசெய்தல் வேண்டும். முதலாவது பதிவு கேட்டு மகிழ்தற்கு. இரண்டாவதைப் பள்ளியில் ஒலிக்கவிட்டு, பாட்டைப் பிள்ளைகள் பாடட்டும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊரவர் கூடும் நாட்கள் இதற்கு ஏற்றவை. அண்ணாவிமாரின் இசைவை அதற்கு முன்பே பெற்றுக்கொள்வது முறை.