வெள்ளம் குடித்த கார்கள்

2015 சென்னை வெள்ளத்தில் மூழ்கிய சொகுசு கார்கள் பல, ஏலத்தில் கைமாறி வெளியூர்ச் சந்தைக்குப் போயின. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் நம் விழுப்புரம் மாவட்டத்தையும் மூழ்கடித்தது. இப்படி வெள்ளத்தில் மூழ்கிய கார்களில் தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் வயரிங் மாதங்கள் கழித்தே அரித்துக் காலை வாரும். படத்தைப் பார்த்து டெல்லியின் பழைய கார் வியாபாரிக்கு முன்பணம் அனுப்பும் நம் வானூர்க்காரருக்கு, கார் வெள்ளத்தில் மூழ்கியது எப்படித் தெரியும்? மறைத்து விற்பது வியாபாரச் சாமர்த்தியம் அல்ல, மோசடி. காப்பீட்டு இழப்பீட்டு வரலாற்றை ஆர்.சி. புத்தகத்திலேயே பதிய அரசு உத்தரவிட வேண்டும். அதுவரை ஏமாந்தவர்கள் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் விழுப்புரம் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், வழக்குத் தொடரலாம்.