அடுப்பங்கரை வரை வந்த அன்னியர்

 

ஒட்டன்சத்திரம் என்றதும் உங்களில் பலருக்கு அவ்வூர்க் காய்கறிச் சந்தைதான் நினைவுக்கு வரும். பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையே அமைந்துள்ள அவ்வூரிலிருந்து முருங்கையும் தக்காளியும் கத்தரியும் லாரி லாரியாகக் கேரளம் செல்கின்றன. அங்கே என் உறவினர் வீடொன்று உண்டு. குடும்பத் தலைவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். வீட்டில் இருப்போர் எனக்கு மருமகள் முறையாகும் அவருடைய மனைவியும், இரண்டு பெண் பிள்ளைகளும், காது சற்று மந்தமான மாமியாரும் மட்டுமே.

பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுத் திண்டுக்கல்லுக்குக் குடிபெயர எண்ணி, ஈராண்டுகளுக்கு முன் அவ்வீட்டை விற்க முயன்றனர். தரகர் ஒருவர் வந்து, கைப்பேசியால் அறை அறையாகப் படம் பிடித்துச் சென்றார். மூன்று மாதங்களில் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. தரகரிடம் சொன்னார்கள், அவரும் ‘சரி’ என்றார். அத்துடன் எல்லோரும் மறந்து போயினர்.

சென்ற ஆண்டு ஒரு நாள், லுஹர் தொழுகை முடிந்து வீடு ஓய்ந்திருந்த வேளையில், முன்பின் அறியாத இருவர் வாயிற்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தனர். “வீடு பார்க்க வந்தோம்” என்றார்கள். விற்பனைக்கு இல்லை என்று சன்னலுக்கு உள்ளிருந்தபடியே மருமகள் பதிலளித்தாள். அவர்கள் நகரவில்லை. “பின்பக்கம் அடுப்படியை ஒட்டி ஓர் அறை இருக்குமே, அதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம். ஐயா வெளிநாட்டில்தானே இருக்கிறார்?” என்றார்களாம். அண்டை வீட்டு அம்மையார் குரல் கொடுத்த பிறகே வெளியேறினர்.

அன்றிரவு என்னை அழைத்த பெண்ணின் குரல் நடுங்கியது. “மாமு, என் அடுப்பங்கரையில எது எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியுது மாமு. பின்கதவுக்கு மேல்தாழ்ப்பாள் மட்டும்தான்னுகூடத் தெரியுது.”

வந்தவர்கள் உண்மையிலேயே வீடு தேடியவர்களாக இருக்கலாம். யார்மீதும் வீண் சந்தேகம் கொள்ளல் நமக்கு அழகன்று. எனினும் அவர்களுக்கு இவையெல்லாம் எப்படித் தெரிந்தன என்பதை அறிய வேண்டியிருந்தது. என் பேரனை விட்டுத் தேடச் சொன்னேன். வீடு, மனை விளம்பரத் தளம் ஒன்றில் பதினேழு படங்கள் கிடந்தன. படுக்கையறை, அதில் இரும்பு அலமாரி, அலமாரி மேல் அத்தாவின் மருந்துப் பெட்டி. அவர் மறைந்தே ஓராண்டாயிற்று. ஆணியில் தொங்கும் பள்ளிச் சீருடை, அதில் பள்ளியின் சின்னம். கூடத்துச் சுவரில் மூத்தவளின் நிழற்படம். பின்கதவும் அதன் தாழ்ப்பாளும். இவற்றின் கீழே தரகர் எழுதியிருந்த வாசகம்: உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் உடனடி விற்பனை.

அவ்வாசகத்தில் பொய்யில்லை. ஆனால் ஆண் துணையற்ற வீடு இது என்று ஊரறியத் தண்டோராப் போட்டதற்கு ஒப்பாகும் அது. தரகர் கெட்டவரல்லர். விலை படிய வேண்டுமே என்று எழுதினார், பின்னர் மறந்தார். நாமும் மறந்தோம். தளமோ மறக்கவில்லை.

நம் மார்க்கம் வீட்டைப் பற்றிச் சொல்வதைச் சற்றே நினைவுகூர்வோம். பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லியே நுழைய வேண்டும் என்றும், திரும்பிச் செல்லுங்கள் எனப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்றும் சூரத்துந் நூரின் 27, 28 ஆம் வசனங்கள் பணிக்கின்றன. அதே அத்தியாயத்தின் 58 ஆம் வசனம், வீட்டுப் பணியாளரும் சிறு பிள்ளைகளும்கூட மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்கிறது. ஆடை தளர்த்தி இளைப்பாறும் நண்பகல் அவற்றுள் ஒன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரம் வழியே எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் கடமை விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்ற கருத்தில் அவரைக் கடிந்த நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. காலடி உள்ளே வைக்கவில்லை. கண் மட்டுமே நுழைந்தது. அதுவே கண்டிப்புக்கு உரியதாயிற்று. அந்தத் துவாரத்தைத் தரகரின் கைப்பேசி எவ்வளவு பெரிதாக்கிவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் முன்னோர் கட்டிய ஊர்களே இதற்குச் சான்று பகரும். காயல்பட்டினத்தில் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வர ‘முடுக்கு’ எனும் குறுகிய சந்துகளை விட்டிருக்கிறார்கள். வந்தவர் திண்ணையில் அமர்வார். திரைக்கு அப்பால் குடும்பம் நடக்கும். கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டிய அந்தத் திரை, இன்று ஒரு நொடியில் விலகிவிடுகிறது.

நிற்க. நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டதை ஒட்டி எழுந்த வழக்கில், 1994 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் வாழ்வு, குடும்பம், மணவாழ்வு ஆகியவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளக் குடிமகனுக்கு உரிமையுண்டு என்றும், பொதுப்பதிவேட்டில் உள்ளவற்றுக்கு அக்காப்பு இல்லை என்றும் அது வரையறுத்தது. 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாக அறிவித்தனர். இவற்றை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். உங்கள் மனையின் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் தளத்தில் எவரும் காணலாம், அது பொதுப்பதிவேடு. உங்கள் படுக்கையறைச் சுவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த இசைவைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கக் கேட்கவும் வழி செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன; எனினும் முக்கியக் கடமைகள் அந்நாளிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என அறிவித்தார்கள். வெறும் சுவர்ப்படம் தனிநபர் தரவாகுமா என்று வழக்குரைஞர்கள் வாதாடலாம். பிள்ளையின் முகமும் பள்ளியின் சின்னமும் அப்படத்தில் இருக்கையில் அந்த வாதம் எடுபடாது என்பதே என் எண்ணம்.

படங்களை நீக்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்கேனும் உதவும். முதலில் தரகரையே நாடினோம். விளம்பரம் அவர் கணக்கில் இருந்தது. அந்தக் கைப்பேசி எண்ணையோ அவர் மாற்றிவிட்டிருந்தார். ஆகவே தளத்துக்கே எழுதினோம். இத்தகைய தளங்கள் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டும் என்பது 2021 ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதி. பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் இருக்கும்; பொறுமையாகத் தேடுங்கள். விளம்பரத்தின் இணைப்பு, திரையின் படப்பிடிப்பு, வீடு நம்முடையது என்பதற்குச் சான்று ஆகிய மூன்றும் வேண்டும். சான்றாக வீட்டுவரி ரசீது போதும். பதறிப்போய்ப் பத்திரத்தையும் முழு ஆதார் எண்ணையும் அனுப்பிவிடாதீர்கள். ஒன்றை மறைக்கப்போய் வேறொன்றைத் திறந்துவிட்ட கதையாகிவிடும். ஒன்பதாம் நாள் படங்கள் நீங்கின.

அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விட்டோம். ஆனால் பேரன் விடவில்லை. கூடத்துப் படத்தைக் கூகுளின் படத்தேடலில் இட்டுப் பார்த்தான். வேறு இரு தளங்களில் அதே படங்கள் நகலாகக் கிடந்தன. அங்கும் எழுதினோம். மூலத்தில் நீக்கிய பின்னும் தேடுபொறியில் சிறு படங்கள் சில நாட்கள் நிழலாடும். காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கூகுளில் தனி விண்ணப்பம் உண்டு. வாட்ஸ்அப் குழுக்களில் பரவியதைத்தான் முழுமையாகப் பிடிக்க இயலாது. குழு நிர்வாகி பிறர் இட்ட பதிவையும் நீக்கலாம் என்பதால், அறிந்த குழுக்களின் நிர்வாகிகளிடம் கேட்டுக்கொண்டோம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கவலையன்று. அமெரிக்காவில் ஸில்லோ, ரெட்ஃபின் போன்ற தளங்களில், வீடு வாங்கியவர் தாமே உரிமையாளர் என்று பதிந்துகொண்டு பழைய படங்களை மறைக்கலாம். கூகுள் 2010 இல் ஜெர்மனியின் இருபது நகரங்களில் தெருக்காட்சிச் சேவையைத் தொடங்கியபோது, ஏறத்தாழ 2,44,000 குடும்பங்கள் தம் வீட்டை மங்கலாக்கக் கோரின. அச்சேவை 2022 ஜூலையில் சென்னை உள்ளிட்ட பத்து இந்திய நகரங்களுக்கு வந்தது. மங்கலாக்கக் கேட்கும் வசதி இங்கும் உண்டு. கேட்டவர் எத்தனை பேரோ!

அப்படியானால் வீடு விற்பதெப்படி, படமின்றி யார் வாங்குவார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முகப்பை மட்டும், கதவிலக்கமும் வண்டி எண்ணும் தெரியாமல், நீங்களே படமெடுத்துத் தரகரிடம் கொடுங்கள். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாகப் படமெடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். பின்னாளில் நீக்கக் கேட்கும்போது அதுவும் உங்கள் கைக்கு வலுச் சேர்க்கும். உள்ளறைகளுக்கு அளவோடு கூடிய வரைபடம் போதும். உள்ளே காட்டியே தீரவேண்டுமெனில் சாமான்களையும் சுவர்ப்படங்களையும் அகற்றிவிட்டு எடுங்கள். விற்பனை முடிந்தாலும் முறிந்தாலும் படங்களை நீக்குவதாகத் தரகரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இட விவரப் பதிவை நிறுத்தி வையுங்கள். இல்லையேல் படத்துக்குள்ளேயே வீட்டின் இருப்பிடம் பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அவ்விவரம் நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் நீங்காது.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் நேர்மையற்றவனாவேன். இந்தப் பணிகளெல்லாம் முடிந்த வாரத்திலேயே, பேரனின் தாயார், அதாவது என் மகள், தான் புதிதாகச் செய்த அடுப்படி அலமாரிகளை ‘ஸ்டேட்டஸில்’ போட்டிருந்தாள். ஓரத்தில் நான் லுங்கியுடன் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். முந்நூறு பேர் பார்த்திருந்தார்கள். தரகரைக் குறை சொன்ன என் வாய் அடைத்துப்போயிற்று. மகளிடம் சொன்னேன், நீக்கிவிட்டாள், சற்று முகவாட்டத்துடன்.

மருமகள் பின்கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். மூத்தவளின் நிழற்படம் கூடத்திலிருந்து உள்ளறைக்குப் போய்விட்டது. பிள்ளைக்கு அதில் வருத்தம்தான். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறதாம். நகலெடுத்த இரு தளங்களுள் ஒன்று படங்களை நீக்கிவிட்டது. மற்றதன் பதிலுக்காக இன்னும் காத்திருக்கிறோம். வியாழன்தோறும் பேரன் தேடிப் பார்த்து எனக்குச் சொல்கிறான்.