கெயிட்லின் என்ன ஆனாள்?

மனிதன் வானத்தில் பறப்பான் என்று சொன்னால் ரசிகர்கள் நம்புவார்கள். காலத்தை நிறுத்துவான் என்றாலும் நம்புவார்கள். சூப்பர் ஹீரோ தொடர் பார்க்க உட்காரும்போதே லாஜிக்கை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். ஆனால், அவர்களால் மன்னிக்க முடியாத ஒன்று உண்டு. மறதி!

அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் 2006 முதல் 2010 வரை ஒளிபரப்பான 'ஹீரோஸ்' தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மனிதர்களுக்குத் திடீரென அபூர்வ சக்திகள் வாய்க்கும் கதை. முதல் சீசன் பெரிய வெற்றி.

இரண்டாவது சீசனில், நாயகர்களில் ஒருவனான பீட்டர் நினைவிழந்து அயர்லாந்தின் கார்க் நகரில் சிக்கிக்கொள்கிறான். அங்கே அவனுக்கு அன்பு காட்டுபவள் கெயிட்லின். பிறகு, தன் சக்தியைக் கட்டுப்படுத்தத் தெரியாமல், அவளையும் சேர்த்து எதிர்கால நியூயார்க்குக்குக் கொண்டுபோய்விடுகிறான். அங்கே உலக மக்களில் 93 சதவிகிதம் பேர் வைரஸுக்குப் பலியாகியிருக்கிறார்கள். இருவரும் பிரிக்கப்படுகிறார்கள். பீட்டர் மட்டும் நிகழ்காலத்துக்குத் திரும்புகிறான். கடைசியில் வைரஸ் பரவாமல் தடுக்கப்படுகிறது. உலகம் தப்பித்தது.

சரி, கெயிட்லின்? அந்த எதிர்காலமே இல்லாமல் போனால், அதில் மாட்டிக்கொண்டவள் என்ன ஆனாள்? தொடர் முடியும்வரை பதிலே வரவில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 2007 நவம்பரில் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சீசன் 11 எபிசோடுகளோடு நின்றது. வைரஸ் வெளியே பரவுவதாகப் போட்டிருந்த திட்டம் கைவிடப்பட்டு, முடிவு அவசரமாக மாற்றப்பட்டது. அந்த அவசரத்தில் ஒரு பெண் தொலைந்துபோனாள்.

ஆனால், எல்லாப் பழியையும் வேலைநிறுத்தத்தின் மேல் போட முடியாது. கிளேர் என்ற பெண்ணின் ரத்தத்துக்கு இறந்தவரையும் எழுப்பும் சக்தி உண்டு. சுடப்பட்டு இறந்த அவளுடைய வளர்ப்புத் தந்தை நோவா, இரண்டாவது சீசனில் அந்த ரத்தத்தால்தான் உயிர் பெறுகிறார். மூன்றாவது சீசனின் முடிவில் நேதன் கொல்லப்படுகிறான். அவன் கிளேரைப் பெற்ற தந்தை. அவளும் அதே ஹோட்டலில்தான் இருக்கிறாள். நேதனின் உடலுக்குப் பக்கத்தில் நிற்பவர்களில் நோவாவும் ஒருவர். தன்னைப் பிழைக்கவைத்த ரத்தம் அவருக்கே நினைவுக்கு வரவில்லை!

இது வெறும் குற்றம் கண்டுபிடிக்கும் விளையாட்டு அல்ல. முந்தைய காட்சியில் இருந்த கைக்கடிகாரம் அடுத்த காட்சியில் காணாமல் போனால் சிரித்துவிட்டுப் போகலாம். சாவையே திருப்பிவிடும் மருந்தைக் காட்டிவிட்டு மறந்தால், அடுத்து யார் இறந்தாலும் கண்ணீர் வராது. 'ரத்தம் இருக்கிறதே!' என்றுதான் தோன்றும்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவும் தேவையில்லை. 'இந்த முறை ரத்தம் வேலை செய்யவில்லை' என்று ஒரு வசனம். கெயிட்லினை நினைத்து பீட்டர் தூக்கமின்றித் தவிக்கும் ஒரு நிமிடக் காட்சி. அவ்வளவுதான்.

ஒவ்வொரு வாரமும் கதையை நினைவில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் ரசிகர். எழுதுகிறவரும் அதே அளவு நினைவு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே எதிர்பார்ப்பு.